பயிற்சிக்கு முதலில் முன் அலுவலகத்து ஆட்களை அனுப்புங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன, அதில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருக்கிற ஒன்றில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். அரச அலுவலகங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவரப் போகிறோம் என்று கொழும்பில் பேசத் தொடங்கி நாளாகிவிட்டது. 2024இல் அதற்கான தேசிய மூலோபாயத்தின் வரைவு வெளியானது, பொதுமக்களின் கருத்தும் கேட்டார்கள். டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்றே இப்போது ஓர் அமைச்சு இருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் எங்கள் அலுவலகத்துக்குள் அது எப்போதோ வந்துவிட்டது. கடிதம் வரைவதற்கு, சிங்களத்தில் வருகிற சுற்றறிக்கை என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு, எக்செல்லில் கணக்குப் போடுவதற்கு என்று பலரும் சொந்த போனிலேயே சாட்ஜிபிடியைப் பாவிக்கிறார்கள். எதற்குப் பாவிக்கலாம், எதை அதற்குள் போடவே கூடாது என்று ஒரு தாள்கூட எங்கள் மேசைக்கு வரவில்லை. அந்தத் தாள் வருவதற்கு முன்னமே பயிற்சி வந்தது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வந்த வளவாளர் விஷயம் தெரிந்தவர், பொறுமையானவர். காலையில் முழுக்க ஆங்கிலத்தில் ஸ்லைடுகள் போட்டார், இடைக்கிடை தமிழில் விளக்கினார். வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலேயே இருக்கும்போது இங்கு நடக்கிற பயிற்சிக்குத் தமிழில் ஒரு கையேடு இல்லாதது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். பிற்பகல் அவர் திரையில் செய்து காட்டினார். பிள்ளையின் பிறப்பைப் பதிய மறந்துவிட்டேன், என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் தட்டினார். சரளமாக விடை வந்தது. 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும், இன்னின்ன ஆவணங்கள் தேவை என்று வரிசையாக. மண்டபத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போனது, சிலர் போனில் படமும் எடுத்தார்கள். அப்போது பின் வரிசையில் இருந்து எங்கள் பதிவுப் பிரிவு அக்கா எழும்பினார்.

"சேர், இது இந்தியாச் சட்டம். இங்க 42 நாள். கோட்டாட்சியர் என்டு எங்களுக்கு ஒருத்தரும் இல்ல."

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. இணையத்தில் கிடக்கிற அரச நிர்வாகத் தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டுடையது. எந்த நாடு என்று சொல்லாமல் தமிழில் கேட்டால் இயந்திரம் பெரும்பாலும் அங்கத்தைய விடையைத்தான் தரும். எங்கள் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் நடைமுறைகள் முழுமையாகத் தமிழில் இணையத்துக்கு ஏறினால்தான் இது மாறும், அதுவும் அரசாங்கத்தின் வேலைதான். என் மனதில் நின்றது வேறொன்று. பிழையைப் பிடித்தவர் கணினியில் கெட்டிக்காரர் இல்லை. பதிவேடுகளோடு காலம் தள்ளியவர். கேள்வியை அழகாகத் தட்டத் தெரிந்த எங்கள் இளம் பிள்ளைகள் ஒருவருக்கும் அது படவில்லை. வளவாளர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். நானாக இருந்தால் மிச்ச நாள் முழுவதையும் அந்த ஒரு விடையிலேயே செலவழித்திருப்பேன். எந்த வரி சரி, எந்த வரி பிழை, எந்தச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் தெரியும் என்று குழுக்குழுவாக இருந்து பார்த்திருக்கலாம். அதைவிட நல்ல பயிற்சி எங்களுக்குக் கிடைக்காது.

அப்புறம் எழுத்துருப் பிரச்சினை. எங்கள் கணினிகளில் இருக்கிற பழைய கடிதங்களில் முக்கால்வாசி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. பாமினிக் கடிதம் ஒன்றைப் பிரதி எடுத்து சாட்ஜிபிடியில் ஒட்டினால் தமிழ் போய் ஆங்கில எழுத்துகள்தான் வரும், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிற எழுத்துரு, அதனால் இயந்திரத்துக்கு அது தமிழே இல்லை. இவ்வளவு காலக் கோப்புகளையும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு மாற்றாமல், புதுக் கடிதத்தையாவது யுனிகோடில் தட்டுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லாமல், செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனமில்லை. பயிற்சியில் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

2023இல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் வந்த நேரத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது செயற்கை நுண்ணறிவு இல்லை, 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுக் குடும்பங்களைத் தெரிவு செய்த முறை, அவ்வளவுதான். கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று திரட்டிய தரவுகள் மேலே போய்ப் பெயர்ப்பட்டியலாகத் திரும்பி வந்தன. வந்த அன்றிலிருந்து எங்கள் வாசலில் வரிசை. விறகு வித்துச் சீவிக்கிற ஒரு அம்மா என் மேசைக்கு முன்னால் நின்று, "மனே, எனக்கென்ன மாடி வீடா இருக்கு? கொம்பியூட்டர் ஏன் என்னத் தள்ளிப்போட்டது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எந்தக் குறிகாட்டியில் அவருக்கு எத்தனை புள்ளி விழுந்தது என்று எனக்குத் திரையில் காட்ட யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன், அதைத்தான் செய்ய முடிந்தது. வெறும் புள்ளிக் கணக்குக்கே இந்த நிலை என்றால், நாளைக்கு அதைவிடச் சிக்கலான ஒரு இயந்திரம் தெரிவு செய்யும்போது முன்னால் நிற்கிற ஆளுக்கு விளக்கம் சொல்லப் போவது யார்? கிராம உத்தியோகத்தரும் நாங்களும்தான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது. தன்னியக்கமாக மட்டும் எடுக்கப்பட்ட ஒரு முடிவு ஒருவருடைய உரிமைகளை மீள முடியாதபடி தொடர்ந்து பாதிக்குமென்றால், அதை மீளாய்வு செய்யும்படி அவர் கேட்கலாம். சட்டத்தில் இப்படியொரு உரிமை எழுதியிருக்கிறது என்பதைப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை, நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டிய ஆட்களுக்கே தெரியாவிட்டால் சட்டம் புத்தகத்தில் இருந்து என்ன பயன்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பெப்ரவரி 2ஆம் திகதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவு முறைமைகளைப் பாவிக்கிற நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு அவற்றைப் பற்றிப் போதிய அறிவு இருப்பதை இயன்றவரை உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டக் கடமையாக வந்தது. அதுவும் ஊழியரின் படிப்பு, அனுபவம், யார் மீது அந்த முறைமை பாவிக்கப்படுகிறது என்பதையெல்லாம் பார்த்து. எங்களுக்கும் அப்படி வேண்டும்.

போன் விஷயம்தான் எனக்குப் பெரிய பயம். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, நோய் விபரம், கணவன் மனைவி பிணக்கு எல்லாம் எங்கள் கோப்புகளில் கிடக்கின்றன. விண்ணப்பத்தைப் படம் எடுத்துப் போட்டுச் சுருக்கித் தா என்று கேட்க ஒரு நிமிடம் போதும். செய்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வேலை குவிந்து கிடக்கிறது, செய்யாதே என்று யாரும் எழுதித் தரவும் இல்லை. பெயரும் இலக்கமும் உள்ள எதையும் வெளி இயந்திரத்தில் போடக் கூடாது, வரைந்து தந்த கடிதத்துக்குப் பொறுப்பு கையெழுத்து வைக்கிறவர்தான் என்று இரண்டே வரியில் ஓர் உள்ளகச் சுற்றறிக்கை போதும், அதற்குத் தேசிய மூலோபாயம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்த பயிற்சிக்குப் பெயர் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வழக்கம்போலக் கணினி தெரிந்த இளம் ஆட்களின் பெயரைத்தான் எழுதத் தொடங்கினார்கள். பதிவுப் பிரிவு அக்காவையும், முன் அலுவலகத்தில் சனத்தோடு கதைக்கிற இருவரையும், கிராம உத்தியோகத்தர் ஒருவரையும் சேர்க்க வேண்டும் என்று நான் நிர்வாக உத்தியோகத்தரிடம் கேட்டேன். எங்கள் சொந்தக் கோப்புகளில் இருந்து பெயரை நீக்கிய மாதிரிகளை எடுத்துக்கொண்டு போகவும் அனுமதி கேட்டிருக்கிறேன். பெயர்ப்பட்டியல் இந்தக் கிழமை கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிறது.