ஆச்சியின் முத்துச்சரமும் குன்னூரின் ஈரமும்

சென்ற அக்டோபரில், ஆயுத பூசைக்கு முந்தைய வாரம், தம்பி மகளின் திருமணத்துக்காக நகைகளை எடுத்துவர அம்மாவும் நானும் குன்னூரில் எங்கள் வங்கிப் பெட்டகத்தைத் திறந்தோம். ஆச்சியின் முத்துச்சரம் பஞ்சில் பொதிந்து, பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி, பதினோரு ஆண்டுகளாக அங்கே இருந்தது. கொக்கியைப் பிடித்துத் தூக்கியவுடன், நூல் எந்தச் சத்தமும் இல்லாமல் இற்றுப்போய், நாற்பத்து மூன்று முத்துகளும் இரும்பு மேசையின் மேல் சிதறி உருண்டன. வங்கி ஊழியரும் குனிந்து தேடித் தந்தார். நாற்பத்திரண்டு கிடைத்தன. கிடைத்தவற்றிலும் சில, நான் சிறுமியாக இருந்தபோது பார்த்த நிறத்தில் இல்லை. பழைய காகிதம்போல மஞ்சள் ஏறி, மேலே மங்கல் படர்ந்திருந்தது. இதில் வேறு எவரையும் குறை சொல்ல இடமில்லை. பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு அதைக் கெடுத்தவர்கள் நாங்கள்தான். அதன் பிறகு கேட்டும் படித்தும் கையால் செய்தும் அறிந்துகொண்டவற்றை, மலையில் வாழ்ந்துகொண்டு முத்து வைத்திருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஆச்சி தூத்துக்குடிக்காரர். 1958-இல் திருமணமாகி, தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்த தாத்தாவுடன் மலையேறி வந்தவர். மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்புகள் என்பதால், அந்தச் சரத்துக்கு எங்கள் வீட்டில் தனி மதிப்பு உண்டு. கடலடியில் சிப்பிகள் படிந்திருக்கும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்று அழைப்பார்கள். அங்கிருந்து மூழ்கி எடுத்து வந்த சிப்பிகளைக் கரையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் அவற்றை அழுகவிட்டு, அலசி, முத்து இருந்தால் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் அது அவருடைய கெடுவாய்ப்பு. முத்தை அளவு பார்த்துப் பிரிக்க, ஒரே அளவுள்ள பித்தளைச் சல்லடைக் கிண்ணங்கள் பத்து இருந்தன. முதல் கிண்ணத்தில் 20 துளைகள், கடைசிக் கிண்ணத்தில் 1000 துளைகள். துளையின் எண்ணிக்கை கூடக்கூட அதன் அளவு சிறுத்துக்கொண்டே போகும். அளவு பிரித்த பின்னரே உருட்சியையும் ஒளியையும் பார்த்துத் தரம் சொல்வார்கள். இரண்டும் குறைவில்லாதது ஆணி, உருக்கோணியது குறுவல், மிகப் பொடியானது தூள். அளவில் பெரியது என்பதற்காக மட்டும் ஒரு முத்து ஆணிமுத்து ஆகிவிடாது என்ற இந்த ஒழுங்கு, இன்று கடைக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

முத்து கல் அல்ல. சிப்பிக்குள் வாழும் உயிர் தன் உடலிலிருந்து சுரந்து, அடுக்கு மேல் அடுக்காகப் படியவைத்த சுண்ணாம்புப் பொருள் அது. அந்த அடுக்குகளைப் பசைபோல ஒட்டி வைத்திருப்பது ஒரு புரதம். அதோடு சிறிதளவு நீரும் உள்ளே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் இருப்பதால், மேற்பரப்பில் பட்ட ஒளி பல அடுக்குகளிலிருந்தும் திரும்பி வந்து ஒன்றோடொன்று கலக்கிறது. உள்ளிருந்து வருவதுபோலத் தோன்றும் அந்த ஒளியைத்தான் நம் முன்னோர் நீரோட்டம் என்றார்கள். சுண்ணாம்பு என்பதால் புளிப்பு எதுவும் அதை அரிக்கும். வியர்வையின் மெல்லிய அமிலமும் நாளடைவில் அரிக்கும். புரதமும் நீரும் உள்ளதால் கடும் வெப்பமும் மிகையான வறட்சியும் அதை வெடிக்கச் செய்யும், மஞ்சளாக்கும். ஆனால் முத்தைத் தாங்கும் பட்டுநூலின் தேவையோ நேர்மாறானது. ஈரம் பட்டால் அது இற்றுப்போகும். ஒரே சரத்தில் கோத்திருக்கும் இந்த இரண்டுக்கும் வேண்டியது வேறு வேறு என்பதுதான், எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாமல் போன செய்தி.

சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் இங்கே பாதிதான் உதவும். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பளி ஆடையிலும் தோல் செருப்பிலும் பூஞ்சணம் பூக்கிறது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் அறைக்குள் ஹீட்டரைப் போட்டுக் காற்றை உலர்த்துகிறோம். ஈரத்துக்கு அஞ்சி அலமாரியெங்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுவது இங்கு வழக்கம். மற்ற பொருள்களுக்கு அது நல்லதுதான். முத்துப் பெட்டிக்குள் அதைப் போட்டு மூடி வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறையும் கூடாது; உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் நூலைத் தின்றுவிடும். இப்போது நான் ஆச்சியின் சரத்தைப் பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி, மரப்பெட்டியில் படுக்கை வசமாக வைத்திருக்கிறேன். ஹீட்டர் இருக்கும் சுவரிலும் சமையலறைச் சுவரிலும் அந்த அலமாரி ஒட்டாமல் பார்த்துக்கொண்டேன். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் வெளியே எடுத்து, நிழலில் காற்றாட வைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். ஆச்சி உயிரோடு இருந்தபோது, “போட்டுக்கிட்டே இரு பிள்ள, பூட்டி வெச்சா முத்து செத்துப் போகும்” என்று அம்மாவிடம் சொல்வாராம். அணிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் துடைப்போம், நூலைக் கண்ணால் பார்ப்போம், காற்றும் படும். ஆச்சியின் சொல்லுக்குள் அவ்வளவும் அடங்கியிருந்தது.

சிதறிய முத்துகளைக் கோயம்புத்தூருக்கு எடுத்துச் சென்று, பெரிய கடை வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் முத்துக் கோப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவரிடம் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் எண்ணி, எடை போட்டு, ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் படமும் எடுத்துக்கொண்டோம். இதைத் தவறாகக் கருதும் தொழிலாளியை நான் பார்த்ததில்லை. அவர் ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சு இருந்தால் முத்தும் முத்தும் உரசித் தேயாது. நூல் அறுந்தாலும் ஒன்றுக்கு மேல் உருண்டு ஓடாது. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, நைலான் நூலில் முடிச்சே இல்லாமல் கோத்து விற்கும் சரங்கள் சந்தையில் ஏராளம். அடிக்கடி அணியும் சரமாக இருந்தால் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை நூலை மாற்ற வேண்டும் என்றும், முடிச்சுகள் கறுத்தாலும், முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலும் அந்தக் கெடுவுக்கும் காத்திருக்கக் கூடாது என்றும் அவர் கூறினார்.

திருமணப் பெண்ணுக்குப் புதிய சரம் வாங்கப் போனபோது நாங்கள் கற்றது இன்னொரு பாடம். ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளுக்காக வர்க்கியும் தைலமும் சாக்லேட்டும் விற்கும் கடைகளில் முத்துச்சரமும் தொங்குகிறது. ஒரு கடையில், தொட்டால் குளிர்ச்சியாக இருப்பதே அசல் முத்துக்கு அடையாளம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்கு ஊட்டியில் குளிராத பொருள் எது? கண்ணாடி மணியும் அப்படித்தான் குளிரும். இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று மிக மெதுவாக உரசினால், அசலில் மெல்லிய மணல் நெருநெருப்பை விரல் உணரும். பூச்சுப் பூசிய கண்ணாடி மணி வழுக்கிக்கொண்டு போகும். துளையின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: போலியில் அங்கே பூச்சு உரிந்து அடியிலுள்ள மணி தெரியும், சாயம் ஏற்றிய முத்தில் துளையைச் சுற்றி நிறம் திட்டாகத் தேங்கியிருக்கும். ‘ஷெல் பேர்ல்’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் அது சிப்பி ஓட்டைக் கொண்டு செய்த செயற்கை மணி. அதை அந்தப் பெயரிலேயே, அதற்குரிய விலையில் விற்றால் குற்றமில்லை. முத்தென்று விற்பதுதான் ஏமாற்று.

இன்று சந்தையில் உள்ளவை ஏறத்தாழ எல்லாமே வளர்ப்பு முத்துகள். அதனால் அவை போலி ஆகிவிடவில்லை. சிப்பிக்குள் மனிதர் ஒரு தொடக்கத்தைக் கொடுக்க, மீதியை அந்த உயிரே செய்கிறது. ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் 1893-இல் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டினார். தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973-இல் நம் கடல் சிப்பியிலேயே உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடியது பெரும்பாலும் சீனாவின் நன்னீர் முத்து. ஒரே சிப்பியில் இருபதுக்கும் மேல் விளைவதால் விலை குறைவு, பெரும்பாலும் உள்ளே மணி இல்லாமல் முழுவதும் முத்துப்பொருளாகவே இருப்பதால் உழைப்பதும் அதிகம். ஜப்பானின் அக்கோயா முத்துக்குள் சிப்பி ஓட்டில் கடைந்த மணி இருக்கும். மேலே படிந்த அடுக்கு மெல்லியதாக இருந்தால், சரத்தை மெல்ல உருட்டும்போது உள்மணி கண் சிமிட்டுவதுபோலத் தெரியும். அப்படித் தெரியும் சரத்தை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நாங்கள் ஏழு மில்லிமீட்டர் நன்னீர் முத்துச்சரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாச் சரங்களும் ஒன்றுபோல மின்னியதால், மூன்றை மட்டும் கேட்டு வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். மூடுபனி போட்டிருந்த அந்தச் சீரான வெளிச்சம் நிறம் பார்க்க மிகவும் நல்லது. ஒரு சரத்தில் மட்டும் கடைவாசலின் நிலைச்சட்டம் ஓரம் கலையாமல் பிரதிபலித்தது. மற்ற இரண்டில் வெறும் வெண்மைதான் இருந்தது. அந்தத் தெளிவுக்காக அதையே எடுத்தோம். அளவில் அதுதான் சிறியது என்பதால் தம்பி மனைவிக்குச் சற்றே மனக்குறை. திருமணத்தன்று மண்டப வெளிச்சத்தில் அந்தச் சரத்தைப் பார்த்த பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவில்லை.

முத்துத் தோடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் ஒற்றைமுத்துத் தோட்டின் தண்டு ஒடிந்தபோது, முத்தைக் கழற்றாமலேயே ஒரு பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார்கள். நெருப்புப் பட்ட பக்கம் பழுப்பாகி, மயிரிழை வெடிப்பு ஓடிவிட்டது. அதைத் திருப்பிச் சரிசெய்யும் வழி எதுவும் இல்லை. முத்தைப் பிரித்த பிறகே தீ வைக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

அன்றாடப் பராமரிப்பு எளியதுதான், மறக்காமல் இருப்பதே கடினம். பவுடரும் சென்டும் பூசி முடித்து, ஸ்வெட்டரும் போட்ட பிறகே சரத்தை அணிய வேண்டும். கழற்றும்போது சரம்தான் முதலில். தலைவழியே இழுத்துப் போடும் ஸ்வெட்டரில் கொக்கி மாட்டி அறுந்த சரங்களைப் பற்றி எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் கேட்டிருக்கிறேன். சளி பிடித்தால் நெஞ்சிலும் கழுத்திலும் நீலகிரித் தைலம் தடவாத வீடு இந்த மலையில் இல்லை. தைலம் தடவிய நாளில் முத்து வேண்டாம். கழற்றியவுடன் நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, நூல் முழுவதும் உலரும்வரை துணியில் கிடத்தி வையுங்கள். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், தெருத் தூசியில் உள்ள மணல் துகள் முத்தைவிடக் கடினமானது என்பதால் கீறல் விழும். பொன் நகைக்குச் செய்வதுபோலப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைப்பதும், பல்பொடி போட்டுத் தேய்ப்பதும், கடைகளில் நகையைச் சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியில் போடுவதும் முத்துக்கு ஆகாது.

மஞ்சள் ஏறிய முத்துகளை வெளுக்க முடியுமா என்று கோயம்புத்தூர்ப் பெரியவரிடம் கேட்டேன். தோல் போய்விடும், விட்டுவிடுங்கள் என்றார். அவற்றைக் கழுத்தின் பின்புறம் வருமாறு அவரே அமைத்துக் கொடுத்திருக்கிறார். கிடைக்காமல் போன ஒன்றுக்கு ஈடாக வேறு முத்துச் சேர்க்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதால், சரம் இப்போது நாற்பத்திரண்டு முத்துகளோடு சற்றே சிறுத்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அதை அணிகிறார்.