மூன்றுகளும் ஒன்றும்

ஜூன் 3, ஈரோடு

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் சாயங்காலம் நோட்டோடு வந்தார். 31, 331, 3331, 33331 என்று முன்னால் மூன்றுகளைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். 33333331 வரை எல்லாமே பகா எண்கள். அது சரிதான். “இனி எத்தனை மூணு சேத்தினாலும் அப்படித்தானுங்க வாத்தியாரே” என்றார். ஏன் என்று கேட்டேன். “இதுவரைக்கும் அத்தனையும் வருதுங்களே!”

எனக்கு அது போதாது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை பகா எண்களாகவே வரும். 18-ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் ஆய்லர் காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. 40-ஐப் போட்டால் 1681, அதாவது 41 × 41.

ஜூன் 4

அடுத்த எண்ணிலேயே உடைந்துவிட்டது. 333333331 = 17 × 19607843.

ஆனால் ஏன் அதுவரை தாக்குப்பிடித்தது? ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். இந்த வரிசையில் எத்தனை மூன்று சேர்த்தாலும் 2, 3, 5, 7, 11, 13 ஆகிய எதுவும் மீதியின்றி வகுக்காது. சாதாரண எண்களைச் சாய்க்கிற சின்ன வகுத்திகள் இங்கே நுழையவே முடியாது. 17-தான் முதல் ஆள். அதோடு, 31-க்குப் பின் 15 மூன்று கூடும்போதெல்லாம் 31 வகுத்தே தீரும். 10-ஐ 15 முறை பெருக்கி 31-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் அப்படி. ஆக, முடிவில்லாமல் பகா எண்ணாகவே போவதற்கு வழியே இல்லை.

ஜூன் 6

இதைச் சொன்னதும் அண்ணனின் முகம் வாடிவிட்டது. “ராமானுஜன் பொறந்த ஊருங்க இது. அவரும் நிரூபணமா எழுதிட்டிருந்தாரு?” என்றார்.

1913-ல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களின் எண்ணிக்கைக்கு ராமானுஜன் தந்த சூத்திரம் அவர் சொன்ன அளவுக்குத் துல்லியமானதல்ல என்று ஹார்டியே காட்டினார். ராமானுஜனுக்கே கிடைக்காத சலுகையை வேறு யாருக்குத் தருவது? அந்த மேதையை நிரூபணத்துக்கு மாற்றாக இழுப்பது அவருக்குச் செய்கிற மரியாதையே இல்லை. இதை அண்ணனிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

ஜூன் 11

அண்ணன் மறுபடி வந்தார். 11 மூன்றுகளும் ஒரு 1-ம் சேர்ந்த எண்ணை 19-ஆல் கையாலேயே வகுத்து, மீதி இல்லை என்று காட்டினார். வகுத்தல் வரிகள் ஒரு பக்கம் முழுக்க, ஒரு பிழை இல்லை. 18 மூன்று சேர்த்தால் 19 திரும்ப வருமென்றேன்.

“31-க்கு 15, 19-க்கு 18. இது எதுனாலங்க மாறுது?”

பலகையை எடுத்து வைத்தேன்.