ஆங்கீரச வருஷத்து ஜாதகம்

மார்ச் 4, 2025

பிரஷர் 150/94. மாத்திரையைக் கூட்டி எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டார், வீட்டில் யாருக்காவது பக்கவாதம் உண்டா என்று. அப்பாவுக்கு உண்டு, அறுபது தாண்டியிருக்கும் என்றேன். "இருக்கும்னு வேண்டாம். சரியான வயசைக் கேட்டுட்டு வாங்க."

வயதில் என்ன இருக்கிறது என்று இரவு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். அப்பா அம்மாவில் ஒருவருக்கு 65 வயதுக்குள் ஸ்ட்ரோக் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வரும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2010-இல் அங்கிருந்து வெளியிட்டார்கள். அதுவும் பிரஷர், சிகரெட் போன்றவற்றின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்த கணக்கு.

மார்ச் 8

அத்தை வீட்டுக்குப் போனேன். "எம்ஜிஆர் போன மறுமாசம்டா. பொங்கலுக்கு வெள்ளையடிச்சிக்கிட்டு இருந்தோம், திண்ணையிலேயே சரிஞ்சிட்டாரு." அப்படியானால் 1988 ஜனவரி. பிறந்த வருஷம் அத்தைக்குத் தெரியவில்லை. டிரங்குப் பெட்டியைக் கிளறி, ஓரம் செல்லரித்த ஜாதகத்தை எடுத்தாள். ஆங்கீரச வருஷம், ஆவணி மாசம். அதாவது 1932. அப்பாவுக்கு அப்போது 55 வயது. இத்தனை வருஷமாக வீட்டில் எல்லோரும் "வயசாகித்தானே விழுந்தார்" என்றே சொல்லிவந்தோம்.

சரி, வந்ததோடு சித்தப்பாவைப் பற்றியும் கேட்டுவிடலாம் என்று கேட்டேன். அவர் நெஞ்சடைப்பில் போனவர் என்பதுதான் நாங்கள் அறிந்தது. "ஆமா, நெஞ்சடைப்புதான். காலையில பேச்சு குழறிச்சு, வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு, வலது கையைத் தூக்க வரல. மூணாம் நாள் போயிட்டாரு." இதில் நெஞ்சு எங்கே வருகிறது? அத்தை சொன்னது அத்தனையும் பக்கவாதத்தின் அடையாளம்.

மார்ச் 11

தம்பிக்கு போன் போட்டுச் சொன்னேன். அவன் பிரஷர் மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்காகிறது. "நம்ம ரத்தத்துலயே இருக்குண்ணே. அப்புறம் மாத்திரை போட்டு என்ன ஆகப்போவுது?"

இதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பிரிட்டனில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவைப் பார்த்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. மரபணு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, குறைவானவர்களைவிட 35 சதவீதம் கூடுதலாக ஸ்ட்ரோக் வந்திருந்தது. புகை, சாப்பாடு, உடல் எடை, உடற்பயிற்சி இவற்றில் பெரும்பாலானவை மோசமாக இருந்தவர்களுக்கோ, நல்ல பழக்கம் உள்ளவர்களைவிட 66 சதவீதம் கூடுதல். மரபணு எப்படிப்பட்டதாக இருந்தாலும் நல்ல பழக்கத்துக்குப் பலன் இருந்தது.

ஜப்பானில் கியோட்டோவில் பக்கவாதம் வருகிற எலிகளாகவே பொறுக்கியெடுத்து ஒரு வம்சம் வளர்த்தார்கள். ரத்தக்கொதிப்பு அதற்குப் பிறவிச் சொத்து. குடிக்க உப்புத் தண்ணீர் வைத்தால் இன்னும் சீக்கிரம் விழும். மருந்து கொடுத்து பிரஷரை இறக்கினால் தப்பிக்கும். எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர் யாரும் குடிப்பதில்லை. கருவாடு, மோர்மிளகாய், அப்பளம் போதும். அப்பாவிடமிருந்து வந்ததில் இந்த நாக்கும் சேர்த்தி.

மார்ச் 16

தம்பி வந்திருந்தான். கையோடு உட்காரவைத்து மெஷினைக் கட்டினேன். 164/102. இப்போதுதான் காபி குடித்தேன் என்றான். அரை மணி நேரம் பேச்சுக் கொடுக்காமல் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். 160/100. கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம், "அப்பாவுக்கு நிஜமாவே அம்பத்தஞ்சா?" என்றான். அவனுக்கு வருகிற மாதம் 47. நாளைக் காலைக்கு டோக்கன் போட்டாயிற்று, நானும் கூடப் போகிறேன்.