போன ஞாயிறு கடிச்ச மீன் இந்த ஞாயிறு எங்கே போச்சு?

"போன வாரம் இதே இடத்துல ரெண்டு கொடுவா சார். இன்னிக்கு ஒரு தொடல்கூட இல்ல."

சென்னையை அடுத்த முட்டுக்காடு உப்பங்கழிக் கரையில் எந்த ஞாயிற்றுக்கிழமை காலை தூண்டிலோடு போய் நின்றாலும் இந்த வசனம் யார் வாயிலிருந்தாவது வந்தே தீரும். உடனே பஞ்சாயத்து கூடும். வலைக்காரங்க அரிச்சுட்டாங்க என்பார் ஒருவர். காத்து சரியில்லை என்பார் இன்னொருவர். கிளம்பும்போது வீட்டில் "குழம்புக்கு மசாலா அரைச்சு வை" என்று சொன்னதுதான் தோஷம் என்பார் மூன்றாமவர். இந்த மூன்றாவது காரணத்தை மட்டும் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

விஷயம் என்னவோ ஆறாங்கிளாஸ் பெருக்கல் கணக்குதான். சென்னைக் கடலில் தண்ணீர் மட்டம் நாளுக்கு இரண்டு முறை ஏறும், அது ஏற்றம்; இரண்டு முறை இறங்கும், அது வற்றம். ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம் வர 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே எல்லாமே நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் 350 நிமிடம். ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் இருப்பதே ஆறு மணி சொச்சம்தான். போன ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தால், இந்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு ஏறிக்கொண்டிருக்கும். நம்ம ஆளோ அதே நேரம், அதே கல், அதே ராசியான தொப்பி. மீன் ஷிஃப்ட் மாறிப் போயிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் பழைய ஷிஃப்டுக்கே வந்துவிடும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ராஜாவாகவும் பேயாகவும் மாறி மாறித் திரிவதற்கு இதுதான் காரணம்.

தண்ணீர் இறங்கும்போதுதான் கொடுவா ஏன் வாய் திறக்கிறது? ஏற்றத்தில் மடவைக் குஞ்சும் இறாலும் கரையோரச் சேற்றுக்கும் சின்ன வாய்க்கால்களுக்கும் மேயப் போகும். தண்ணீர் இறங்கியதும் அத்தனையும் அதே வாய்க்கால் வழியாகப் பெரிய ஓடைக்குத் திரும்பியாக வேண்டும். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து எல்லாரும் ஒரே கதவு வழியாக வெளியே வருவது மாதிரி. கொடுவா துரத்தி வேட்டையாடும் ரகமில்லை. அந்தக் கதவோரம், ஓட்டம் தன் மேல் அடிக்காத மூலையில், மூக்கை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு நிற்கும். வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும், தண்ணீர் திரும்பி ஏறும் முதல் ஒரு மணி நேரமும் தங்கம். நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரம் டீ குடிப்பதற்கென்றே ஏற்பட்டது.

யூடியூபில் அமெரிக்காவின் போட்டோமாக் ஆற்றில் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது நன்னீர் மீன், கொடுவாவுக்குச் சொந்தமும் இல்லை. ஆனால் அந்த ஆற்றிலும் ஓதம், அதாவது இதே ஏற்ற வற்றம், உண்டு. அங்கேயும் இறங்கும் தண்ணீரில் வாய்க்கால் முனையில்தான் எறிகிறார்கள். அதைக் கற்றுக்கொள்ளாமல் அவர்கள் போட்டிருக்கும் கூலிங்கிளாஸை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு வருவதில்தான் நாம் சமர்த்தர்கள்.

ஓத அட்டவணையைப் போனில் பார்த்துவிட்டு வந்தவருக்கும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. அந்த நேரம் சென்னைத் துறைமுகத்துக்கானது. கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக நுழைந்து முட்டுக்காடு பாலத்துக்கு உள்ளே வர நேரம் பிடிக்கும். வாய் குறுகக் குறுகத் தாமதம் கூடும். எவ்வளவு தாமதம் என்பதை எந்த ஆப்பும் சொல்லாது. கரையோரம் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். இறங்குவது நின்ற நேரத்திலிருந்து அட்டவணையின் வற்ற நேரத்தைக் கழித்தால் அந்த இடத்தின் தாமதம் கையில். மழைக்காலம் முடிந்து கடல் மணலை ஒதுக்கி ஒதுக்கி, கோடையில் வாய் முழுக்கவே அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது உள்ளே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை, வெறும் குளம். அட்டவணையைப் பார்த்து "இன்னும் இருபது நிமிஷத்துல திரும்பும் பாரு" என்று வாட்சைக் காட்டிக்கொண்டிருப்பவரை அன்றைக்குப் பார்க்க வேண்டும். முதலில் முகத்துவாரம் இருக்கும் கோவளம் பக்கம் போய் வாயைப் பார்த்துவிட்டு வருவது உத்தமம்.

இன்னொன்று: நம் ஊரில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக்கூட ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். அரைநிலா நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் அது இன்னும் சுருங்கிவிடும், ஓட்டமும் மந்தமாகிவிடும். அரைநிலா என்றால் அஷ்டமி. அடுத்த நாள் நவமி. நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாது என்று பாட்டி சொன்னது கொடுவாவுக்கும் தெரிந்திருக்கிறது.

சாமான் விஷயத்தில் செலவைவிடக் கோளாறுதான் அதிகம். 20 பவுண்ட் தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, போதும். ஆனால் அதை நேரே முள்ளில் கட்டினால் முடிந்தது கதை. கொடுவாவின் பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், அது பரவாயில்லை. செவுள் மூடியின் ஓரம் பிளேடு. தலையை ஒரு உதறு உதறினால் பிரெய்டு நூல் மாதிரி போய்விடும். முனையில் மூன்றடி நீளத்துக்கு 40 பவுண்ட் தங்கூசி கட்டாயம். முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இழுத்தால் சூட்டிலேயே பாதி பலம் போகும். எச்சிலா என்று முகம் சுளிப்பவர்கள் பாக்கெட்டில் செத்த இறாலை வைத்துக்கொண்டு சுளிப்பதுதான் வேடிக்கை.

டிராக், அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக், எவ்வளவு இறுக்குவது? நரம்பின் பலத்தில் கால் பங்கு. தராசு தேட வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நரம்பு நுனியில் கட்டி ராடைத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழ வேண்டும், லேசாகக் குலுக்கினால் ரீல் கிர்ரென்று நரம்பு விட வேண்டும். அவ்வளவுதான். இதை மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள். ஹாலில் செய்தால் டிராக் தவிர மற்ற எல்லாம் இறுகும்.

உயிர் இறாலைவிட நல்ல இரை இல்லை. அதைச் சாகடிப்பதில் நம்ம ஆளைவிடத் தேர்ந்தவரும் இல்லை. ஐந்து லிட்டர் பெயிண்ட் வாளியில் அரைக் கிலோவைக் கொட்டுவார். மூச்சுவிட இடமில்லாமல் அரை மணியில் பாதி காலி. பத்துப் பன்னிரண்டு போதும், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று ஓட வேண்டும். வெயில் ஏறியதும் வாளிக்குள் ஐஸ்கட்டியை நேரே போடுவார். ஐஸ் உருகினால் நன்னீர்; சூடும் உப்பும் ஒரே நேரத்தில் சரிய, இறால் வெளுத்துப் படுத்துவிடும். ஐஸை மூடிய பாட்டிலில் வைத்து மிதக்க விட வேண்டும், தண்ணீர் அந்தக் கழியிலிருந்தே மொண்டதாக இருக்க வேண்டும். 2/0 அளவு முள்ளை இறாலின் கொம்புக்குக் கீழே, தலையில் தெரியும் கருப்புப் புள்ளியைத் தொடாமல் குறுக்கே ஏற்றுங்கள். புள்ளியில் குத்தினால் அந்த நொடியே உயிர் போகும். 20 கிராம் ஈயக்குண்டு நரம்பில் வழுக்கி ஓடும்படி இருந்தால் மீனுக்குக் கனம் தெரியாது.

எறிவது எப்போதும் ஓட்டத்துக்கு மேல்பக்கம். இரை தண்ணீரோடு சேர்ந்து இறங்கி மீனின் மூக்கருகே வர வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து நீந்தி வரும் இறாலைக் கொடுவா வாழ்நாளில் பார்த்ததில்லை.

கடி என்பது கடியே அல்ல, உறிஞ்சல். வாயை டப்பென்று திறந்து தண்ணீரோடு உள்ளே இழுக்கும். மேல்மட்டத்தில் அடித்தால் அந்தச் சத்தம் அக்கரைக்குக் கேட்கும். நுனி உள்பக்கம் வளைந்த சர்க்கிள் முள் போட்டிருந்தால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ரீலைச் சுற்றி நரம்பை இறுக்கினால் முள் தானாக வாயோரம் மாட்டும். அதுதான் முடியாது. நம்ம ஆள் சினிமா வாள்வீச்சு போல ஒரு வெட்டு வெட்டுவார். முள் வழுக்கி வெளியே வரும், ஈயக்குண்டு காதோரம் பறக்கும், மீன் போயேவிடும். மாட்டிக்கொண்டாலும் அது முதலில் ஓடுவது பாலத்துத் தூணுக்கு. அங்கே ஒட்டியிருக்கும் சிப்பியும் கொட்டலசும் அரம் மாதிரி காத்திருக்கும். ராடை மேலே தூக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து மீனின் தலையைத் திருப்ப வேண்டும். அது துள்ளும்போது ராடு முனையைத் தண்ணீர்ப் பக்கம் தணிக்க வேண்டும். விறைப்பாகப் பிடித்தால் காற்றிலேயே முள்ளைத் துப்பிவிட்டு விழும்.

பெரிதாகச் சிக்கினால் போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடுவது நல்லது. கொடுவா ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிச் சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரியதெல்லாம் பெரும்பாலும் தாய்கள். இந்த முட்டுக்காட்டிலேயே நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997ல்தான் இந்தியாவில் முதல்முறையாகக் கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்தது. அவ்வளவு பாடுபட வேண்டிய தாய் அது. அடையாறு முகத்துவாரத்தில் பிடித்ததை எந்த அளவாக இருந்தாலும் விட்டுவிடலாம். ஆற்றில் என்ன கலக்கிறது என்று நமக்கே தெரியும்.

பேத்தை மீன் வந்துவிட்டால் இடத்தை மாற்றுங்கள். இரையாக மாட்டும் ரப்பர் மீனின் வாலைக் கத்தரிக்கோல் வைத்தது போல அரைவட்டமாக வெட்டிக்கொண்டு போகும், ஒரு வாலுக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அது தின்பது நம்மைவிடக் காஸ்ட்லியான டிபன். விஷ மீன், சட்டிக்கும் ஆகாது. கெளுத்தி முள் கையில் ஏறினால் கத்திக்கொண்டு நிற்காமல் பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் கையை வையுங்கள், வலி தணியும். ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டு போகிறவர்கள் இன்னொன்றில் வெந்நீர் கொண்டு போனால் போதும்.

இந்தக் கணக்கு புரிந்துவிட்ட வீடு ஒன்றில் ஃப்ரிட்ஜ் கதவில் மாத ஓத அட்டவணை ஒட்டியிருக்கும். ஒட்டியது தூண்டில்காரர், படிப்பது அவர் மனைவி. சனிக்கிழமை ராத்திரி அவர் ரீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"ஏங்க, நாளைக்கு வத்தம் மதியம் ரெண்டு மணிக்குத்தான் முடியுது. காலையில சும்மா போய் நிக்காம கோழி வாங்கிட்டு வந்துடுங்க. மீன் மசாலா அடுத்த ஞாயித்துக்கிழமை அரைச்சுக்கலாம்."