ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்’ நிறைய என்று வந்தபோது

கோவில் கொடைக்குப் போய்விட்டு வந்த மூன்றாம் நாள் ஆரம்பித்தது. எனக்குச் சந்தேகம் அங்கே குடித்த ஐஸ் சர்பத் மேல்தான். முதலில் வெறும் வயிற்றிளக்கம், லேசான காய்ச்சல். பக்கத்து மருந்துக்கடையில் ‘நிப்பாட்டுகிற’ மாத்திரை கேட்டேன். காய்ச்சலைப் பற்றி நான் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. நின்றது, சரி. ஆனால் ராத்திரி காய்ச்சல் 103, வயிறு கல் மாதிரி, விடியும்போது சளியும் ரத்தமுமாகப் போக ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் எத்தனை தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அந்த மாதிரி மாத்திரை ஆகாதாம். குடல் அசைவு மந்தமாகி, வெளியே போகவேண்டிய கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டிரிப் ஏற்றினார்கள், ஓ.ஆர்.எஸ். கொடுத்தார்கள். ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பே, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு மலம் எடுத்துவிடவேண்டும் என்று நர்ஸ் டப்பாவோடு நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. ‘பஸ் செல்ஸ்: நிறைய.’ ரத்தத்தில் டோட்டல் கவுண்ட் 15,200. பயந்துபோய், லேபில் வேலை பார்க்கும் மைனிக்கு போன் போட்டேன்.

“அது நீ ஏறுத பஸ் இல்ல தம்பி, சீழு. உன் வெள்ளை அணுதான். சண்டைக்கு வந்து நிக்கி.”

கிருமியின் அளவு என்று நான் நினைத்தது என் பக்கத்து ஆட்களின் கணக்காக இருந்தது. டோட்டல் கவுண்ட் என்பதும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கைதானாம். நியூட்ரோஃபில் என்ற இந்த அணுக்களை எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உண்டாக்குகிறதாம். ஆனால் அவை ஓடுவது ரத்தக்குழாய்க்குள், கிருமி இருப்பதோ குடல் சுவரில். குடல் செல்கள் கிருமியைக் கண்டதும் ஐஎல்-8 என்ற வேதிப்பொருளை விடுகின்றன, பக்கத்து ரத்தக்குழாயின் உள்சுவரில் செலக்டின் என்ற ஒட்டுப்புரதங்கள் தலைகாட்டுகின்றன. ஓடிவரும் அணு அதில் பட்டுப் பட்டு வேகம் குறைந்து உருளுகிறது, அப்புறம் தன்னிடம் உள்ள இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதத்தால் இறுகப் பிடித்துக்கொண்டு, சுவரின் இடுக்கில் உடம்பை நெளித்து வெளியே வந்து, ஐஎல்-8 எங்கே கூடுதலோ அந்தத் திசையில் போகிறது. “வடசேரில பஸ் நிக்கதுக்கு முன்ன தொங்கிட்டு எறங்குவானுவல்லா, அது மாதிரி” என்றாள் மைனி.

அந்த இன்டெக்ரினில் குறையோடு பிறக்கிற குழந்தைகள் உண்டாம். ரத்தத்தில் வெள்ளை அணு ஏகப்பட்டது இருக்கும், புண்ணில் சீழே இருக்காது, தொற்று விடாமல் வந்துகொண்டே இருக்கும். இதைக் கேட்டபிறகு ‘நிறைய’ என்பதைப் பார்க்க அவ்வளவு பயமில்லை.

முழுக்க நல்ல செய்தி என்றும் சொல்லமுடியாது. கல்ச்சரில் வந்தது ஷிகெல்லா என்ற சீதபேதிக் கிருமி. நூறு கிருமி உள்ளே போனாலே போதும், நோய் வந்துவிடும். மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு காவல் அணு இதை விழுங்கினால் அந்த அணுதான் சாகிறது. நியூட்ரோஃபில் விழுங்கினால் பெரும்பாலும் கிருமி சாகிறது. ஆனால் நியூட்ரோஃபில்கள் கூட்டமாகக் குடலுக்குள் இறங்கும்போது குடல் உறையின் செல்களுக்கு இடையே இடைவெளி விழுகிறது, அந்த வழியாகவே ஷிகெல்லாவும் நுழைந்துகொள்கிறது. நான் பட்ட வயிற்றுக்கடுப்பிலும் போன ரத்தத்திலும் ஒரு பங்கு நம்ம ஆட்கள் செய்த சேதம் என்றார் டாக்டர். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அசித்ரோமைசின் போட்டு மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கஞ்சியும் மட்டிப்பழமும்தான், மரச்சீனி பக்கமே போகவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்ததில் பஸ் செல் 1-2. எல்லா பஸ்ஸும் டெப்போவுக்குப் போயிட்டு போல என்று மைனியிடம் சொன்னேன்.

“டெப்போவுக்கு எங்க போச்சு, வந்த எடத்துலயே செத்துப் போச்சு” என்றாள்.