ஏக்கருக்கு 400 ரூபாய்: ட்ரோன் தெளிப்புத் தொழிலில் என் விலைப்பட்டியல் பட்ட பாடு

ஏக்கருக்கு 400 ரூபாய் என்று அச்சடித்த ஆயிரம் விலைச்சீட்டுகளில் எண்ணூறுக்கும் மேல் பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டியோடு கிடக்கின்றன. மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்டக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்கு என்ன கூலி கேட்பது என்று தெரிந்துகொள்ள இரண்டு பருவங்கள் ஆயின.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும். 2023-இல் விதியைத் திருத்திய பிறகு பாஸ்போர்ட் கட்டாயமில்லை என்பதால் வாக்காளர் அட்டையைக் கொடுத்தே சேர்ந்தேன். தொலைநிலை விமானி சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை எல்லாம் சுமுகமாகவே நடந்தது.

சிக்கல் ட்ரோன் வீட்டுக்கு வந்த நாளில் தொடங்கியது. நான் வாங்கியது பத்து லிட்டர் தொட்டி கொண்ட, மொத்த எடை 25 கிலோவைத் தாண்டாத சிறு வகை ட்ரோன். ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண் வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின் அடிப்படை. என் ட்ரோனுக்கு அந்த எண் இருந்தது. ஆனால் அது விற்பனையாளரின் பெயரில் இருந்தது. செயல்விளக்கத்துக்காக அவர்கள் முன்பே பதிவு செய்து வைத்திருந்த கருவியைத்தான் புதியது என்று எனக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது பெட்டியைப் பிரித்து மூன்று வாரம் கழித்தே தெரிந்தது. பெயர் மாற்றத்துக்கு டி-3 படிவம், நூறு ரூபாய்க் கட்டணம், அவ்வளவுதான்; ஆனாலும் விற்றவர் தம் பங்கைச் செய்யாமல் நம் பக்கம் எதுவும் நகராது. காப்பீட்டு அலுவலகத்தில், அடையாள எண் உங்கள் பெயரில் இல்லையென்றால் பாலிசி எழுத முடியாது என்றார்கள். வேளாண் பட்டதாரிகளுக்கு உரிய 50 சதவீத மானியத்துக்கு, அதாவது உச்சவரம்பாக 5 லட்சம் ரூபாய்க்கு, நான் கொடுத்திருந்த விண்ணப்பத்தைப் பார்த்த எழுத்தர், காப்பீட்டுத் தாள் இல்லாத கோப்பை மேலே அனுப்ப முடியாது என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். விற்பனையாளரோ தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் “திங்கட்கிழமை போட்டுவிடுகிறோம் சார்” என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் கோவைக்கு இரண்டு முறை பஸ் ஏறி, இரண்டாம் முறை அவர்கள் அலுவலகக் கணினிக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்ட பிறகுதான் வேலை முடிந்தது. உட்கார்ந்த பிறகு ஆன நேரம் இருபது நிமிடம். வாங்கப்போகிறவர்கள் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், அடையாள எண் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் திரையில் தம் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும்.

இந்த இரண்டு மாத அலைச்சலில், விலையைப் பற்றி நான் யோசித்ததெல்லாம், கைத்தெளிப்பான் ஆட்கள் கேட்கும் கூலிக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் விவசாயிகள் வருவார்கள் என்பது மட்டுமே. அப்படி வந்ததுதான் 400 ரூபாய். விவசாயிகளும் வந்தார்கள். பாலக்கோட்டுப் பக்கம் ஆள் நுழைய முடியாத அளவுக்கு வளர்ந்த கரும்பில் பத்து நிமிடத்துக்குள் ஓர் ஏக்கர் முடிவதைப் பார்த்தவர்கள் அதே இடத்தில் அடுத்த தேதியைக் கேட்டார்கள். முதல் மாதம் முழுக்க வேலை இருந்தது; மாதக் கடைசியில் கையில் பணம் மட்டும் இல்லை.

கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. பேட்டரி ஜோடி ஒன்றின் விலை 48,000 ரூபாய். அது சுமார் 240 முறை சார்ஜ் ஏறும் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை மேலே போய் வருவதற்கே 200 ரூபாய் பேட்டரியில் தேய்கிறது; ஒரு பறத்தல் என்பது ஒரு தொட்டி, ஒரு தொட்டி என்பது ஓர் ஏக்கர். காற்று எழுவதற்கு முன் காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும்தான் தெளிக்க முடியும் என்பதாலும், கொல்லைக்குக் கொல்லை வண்டியை நகர்த்த வேண்டியிருப்பதாலும், நாளொன்றுக்கு எனக்குச் சராசரியாக ஆறு ஏக்கர்தான் முடிந்தது. உதவியாளர் கூலி 700, வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் எரிபொருள் 500, ஆக 1,200 ரூபாயை ஆறால் வகுத்தால் ஏக்கருக்கு இன்னொரு 200. வாங்கிய 400 ரூபாயும் அங்கேயே தீர்ந்துவிட்டது. என் உழைப்பு, கடன் வட்டி, உடைந்த இறக்கை, காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் தருமக் கணக்கில் போய்க்கொண்டிருந்தன.

எனவே 600 ரூபாய் ஆக்கினேன். கூடவே, எத்தனை சென்ட் ஆனாலும் வண்டி வந்து நின்றால் குறைந்தபட்சம் 1,500 ரூபாய் என்றும் சேர்த்தேன். நாற்பது சென்ட் தக்காளிக்கு யார் 1,500 கொடுப்பார்கள்? யாரும் கொடுக்கவில்லை. ஆனால் இராயக்கோட்டைச் சாலையில் ஒரு பெரியவர், “பக்கத்துக் கொல்லைக்காரங்களையும் சேத்துக்கிறோம் தம்பி, நாலு பேரும் ஒரே நாள்ல அடிச்சிக்கிறோம்” என்று தாமாகவே வழி சொன்னார். அதன்பின் நான் தனி ஆளிடம் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, மூன்று ஏக்கராவது சேர்த்துக்கொண்டு கூப்பிடுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். பரப்பை வாய்ச்சொல்லில் நம்புவதையும் நிறுத்தினேன். மூன்று ஏக்கர் என்று சொல்லப்பட்ட நிலம் கருவியில் வரப்பைக் குறித்தால் மூன்றரைக்கு மேல் காட்டுவது வழக்கமாக இருக்கிறது. பணம் வாங்கும்போது அல்ல, பறப்பதற்கு முன்பே அந்தத் திரையைக் காட்டிவிட்டால் தகராறு இல்லை.

மாமரத்தில் இந்தக் கணக்கும் செல்லவில்லை. காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு பழைய தோப்பு. கிளையோடு கிளை பின்னிக் கிடக்கும் பெங்களூரா மரங்கள், பூ எடுக்கும் பருவம், தத்துப்பூச்சி. ஏக்கருக்கு இரண்டு தொட்டி தெளித்தும் பூச்சி குறையவில்லை. தோப்புக்காரர் ஒரு கிளையை விலக்கி உள்ளே காட்டினார். வெளி இலைகளில் மருந்து காய்ந்த தடம் இருந்தது. தண்டை ஒட்டிய பட்டையில் ஆப்பு வடிவப் பூச்சிகள் அப்படியே நின்றிருந்தன. “மேல இருக்கிற எலைக்குத்தான் மருந்து குடுத்திருக்கீங்க தம்பி” என்று சொல்லிப் பாதிப் பணத்தை மட்டும் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை. இப்போது மாவுக்கு ஏக்கர் விலையே கிடையாது. தொட்டிக்கு 500 ரூபாய், அதுவும் கவாத்து செய்த, இடைவெளி தெரியும் தோப்புக்கு மட்டுமே. அடர்ந்த தோப்பாக இருந்தால் பவர் ஸ்பிரேயரையே வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன். வேலையை மறுத்தால் பெயர் கெடும் என்று பயந்தேன்; மாறாக, மறுத்த இடங்களிலிருந்துதான் கரும்புக்கும் நெல்லுக்கும் அழைப்பு வருகிறது.

இன்னும் ஆறாத காயம் மல்பெரியில் பட்டது. தக்காளித் தோட்டம் ஒன்றில் தெளித்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணிக்குக் காற்று திரும்பியதை உணர்ந்தும், இன்னும் ஒரே தொட்டிதானே என்று ஏற்றினேன். கிழக்கே இருபதடியில் மல்பெரித் தோட்டம் இருந்ததை நான் கேட்கவும் இல்லை, எவரும் சொல்லவும் இல்லை. மறுநாள் ஓர வரிசையில் பறித்த தழையைத் தின்ற பட்டுப்புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டி, பச்சை நீரைக் கக்கிச் சுருண்டன. நான்காம் தோலுரிப்பைத் தாண்டிய புழுக்கள். இன்னும் சில நாளில் கூடு கட்ட வேண்டியவை. அந்த வீட்டு அக்கா என்னைத் திட்டவில்லை. தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஊர்ப் பெரியவர்கள் பேசி 12,000 ரூபாய் கொடுத்தேன். மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறதே என்று பாலிசியை எடுத்துப் பார்த்தால், தெளிக்கும் மருந்து காற்றில் பரவி ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தது. புதிதாக பாலிசி எடுப்பவர்கள் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போது முதல் நாளே போய் நான்கு பக்கமும் என்ன பயிர் என்று நடந்து பார்க்கிறேன்; அந்த நடைக்கும் சேர்த்துத்தான் 600 ரூபாய். பட்டுப்புழு வளர்ப்போர் நிறைந்த நம் மாவட்டத்தில் மல்பெரியை ஒட்டிய நிலத்துக்கு நான் வருவதே இல்லை.

படம் எடுக்கும் வேலையில் வேறு விதமாக அடிபட்டேன். இரண்டு கிலோவுக்குக் குறைந்த மைக்ரோ ட்ரோன் ஒன்றைப் பின்னர் வாங்கி, ஓசூர் அருகே ஒரு மனைப்பிரிவை அளந்து வரைபடமாகத் தர 25,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். போய் இறங்கிய பிறகே, ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்தேன். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி வேண்டாம் என்ற நினைப்பிலேயே இருந்த எனக்கு, ஓசூரில் தனியார் விமான ஓடுதளம் இருப்பது மறந்தே போயிருந்தது. இடம், அனுமதி வாங்கியே பறக்க வேண்டிய மஞ்சள் மண்டலத்தில் இருந்தது. கருவியைப் பையிலிருந்து எடுக்காமலேயே திரும்பினேன். அனுமதி வாங்கி வேலையை முடித்தபின், வரியோடு பில் வேண்டும் என்றார்கள். 25,000 என்பது எல்லாம் உட்பட என்று நானே எழுதிக் கொடுத்திருந்ததால், 18 சதவீத ஜிஎஸ்டியாக 3,814 ரூபாய் என் கையிலிருந்து போனது. அத்தோடு விடாமல், என் கணக்கர் மருந்து தெளிப்பு பில்களுக்கும் 18 சதவீதம் போடச் சொன்னார். பயிர்ப் பாதுகாப்பு சார்ந்த வேளாண் சேவைக்கு விலக்கு உண்டு என்று இன்னொரு கணக்கர் அறிவிக்கையைக் காட்டும் வரை, ஏக்கருக்கு 108 ரூபாயை யாரிடம் கேட்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

எருது விடும் விழாவுக்குப் படம் எடுக்கக் கேட்பவர்களுக்கு இப்போது விலையே சொல்வதில்லை. கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடும் துணிச்சல் எனக்கு இல்லை. மற்றவற்றை ஒரு வெள்ளைத் தாளில் கையால் எழுதி வண்டியின் உள்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்: கரும்பு, நெல், மரவள்ளிக்கு ஏக்கர் விலை, மாவுக்குத் தொட்டி விலை, வரைபட வேலைக்கு வரி தனி, மல்பெரி பக்கத்தில் இருந்தால் வர இயலாது. அடுத்த பேட்டரி ஜோடிக்கு விலை விசாரித்திருக்கிறேன், அந்தப் பதில் வந்ததும் முதல் வரியை மட்டும் அடித்து எழுத வேண்டியிருக்கும்.