கடல் சிம்பொனியும் கரைவலையும்

யூலை 4
கோயில் பாடகர் குழாமில் என்னோடு பாடும் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது: ஆங்கில இசையமைப்பாளர் ரேஃப் வோன் வில்லியம்ஸின் ‘கடல் சிம்பொனி’, வாத்தியக் குழுவும் பாடகர் குழாமும் சேர்ந்து இசைக்கும் நாலு பகுதிப் படைப்பு. 70 நிமிடம்! முல்லைத்தீவுச் சிக்னலில் அதை இறக்கவே இரவாகிவிட்டது. ஆனால் தொடக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பித்தளை வாத்தியங்கள் சின்னதாக முழங்க, உடனே பாடகர் எல்லாரும் சேர்ந்து “இதோ கடல்” என்று எழுப்புகிறார்கள். ‘கடல்’ என்ற சொல்லில் இசை இருண்ட பி ஃபிளாட் மைனரிலிருந்து ஒளியான டி மேஜருக்குத் தாவ, முழு வாத்தியக் குழுவும் கொட்டுகிறது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் குரல்கள் கடைசிப் பகுதியில்தான் வரும். இதில் முதலிலிருந்தே அவர்கள்தான் கடல்.

யூலை 6
அளம்பிலில் மாமாவின் கரைவலைவாடிக்குப் போனேன், கரையில் நின்று வலை இழுக்கும் மீனவர்களின் இடம். உழவு இயந்திரத்தின் உருளையில் ஈரக் கயிறு முறுகி முறுகி ஏறுகிறது, டீசலோடு சேர்ந்து ஒரு கருகல் மணம். இயர்போனின் ஒரு பக்கத்தை மாமாவின் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

“இவங்கள் எப்ப மூச்சு விடுறாங்கள்?”

சரியான கேள்வி. பெரிய குழாமில் ஆள்மாறி ஆள் மூச்செடுப்பார்கள், ஓசை அறாது. வலை இழுக்கும்போது மீனவர் பாடும் அம்பாப் பாட்டில் அப்படியில்லை. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்கும்போதே கயிற்றை இழுப்பார்கள். மூச்சும் இழுவையும் ஒன்று.

“இப்ப ஏன் பாடுறதில்லை?”

“மிசின் பாடுதே, காணாதோ?”

யூலை 7
மின்வெட்டு. இரண்டாம் பகுதியை இரண்டு தரம் கேட்டேன். இரவில் கடற்கரையில் தனியே நிற்பவனைப் பற்றிப் பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) பாடுகிறான். இதுவே எனக்குப் பிடித்தது.

யூலை 10
தேடிப் படித்தேன். வரிகள் எல்லாம் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுடையவை. வோன் வில்லியம்ஸ் 1903இல் தொடங்கி 1909 வரை இசை எழுதி, 1910 ஒக்டோபர் 12இல், தன் 38ஆவது பிறந்தநாளில், லீட்ஸ் நகரில் அவரே நடத்தியிருக்கிறார். அதைவிட எனக்குப் பெரிய செய்தி, இடையில் 1905 சனவரியில் இங்கிலாந்தின் கிங்ஸ் லின் துறைமுகத்துக்குப் போய் மீனவர்களிடம் பாட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது. அங்கேயும் கயிறு பிடித்த கைகளிடம்தான் போயிருக்கிறார். அலைகளைப் பற்றிய மூன்றாம் பகுதியில் தனிக்குரலே கிடையாது, முழுக்கக் குழாம்தான். அந்தத் துள்ளலில் மீன்காரர் வாசம் அடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்கச் சொல்லாதீர்கள்! நாலாம் பகுதி மட்டும் அரைமணி நேரம் இழுக்கிறது. கடலை விட்டு ஆன்மா, பயணம் என்று தத்துவத்துக்குப் போய்விடுகிறார். எனக்குக் கொட்டாவி வந்தது.

யூலை 13
இரண்டாம் பகுதியில் நாலு வரியாவது பாடிப் பார்ப்போமா என்று பயிற்சியில் கேட்டேன். சொப்ரானோ என்ற உச்சப் பெண்குரலுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேஸ் என்ற கட்டை ஆண்குரலுக்குத்தான் ஆளில்லை. பாடக்கூடிய பெடியள் பாதிப்பேர் வெளிநாட்டில். “முதலில் மடுத் திருவிழா முடியட்டும்” என்கிறார் பழக்கும் அக்கா. அப்புறம் மாமாவைக் கேட்கப் போகிறேன், கட்டைக்குரல் அவருக்கு அருமையாக வரும்.